பீட்ரூட் போகும், வெங்காயச் சருகு நிற்கும்: பட்டு ஸ்கார்ஃபுக்கு வீட்டுச் சாயம்

என் அண்ணன் மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் வெள்ளைப் பட்டு ஸ்கார்ஃப் ஒன்று வாங்கியிருக்கிறாள். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, அரைக் கிலோ பீட்ரூட்டைத் துருவிக் கொதிக்கவைத்து, ஒரு கை கல் உப்பும் இரண்டு மூடி வினிகரும் சேர்த்து, ராத்திரி முழுக்க ஸ்கார்ஃபை அதில் ஊறப்போட்டிருக்கிறாள். காலையில் எடுத்துப் பார்த்தால் அப்படியொரு ரோஸ் நிறம். போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பினாள். அப்புறம் இரண்டு முறை அலசி, மொட்டை மாடியில் ஒரு பகல் முழுக்கக் காயப்போட்டாள். சாயங்காலம் எடுத்தபோது, டீ சிந்திய மேசையைத் துடைத்த துணி மாதிரி ஆகியிருந்தது.

"உப்பு, வினிகர் எல்லாம் போட்டேனே அத்தை, அப்புறம் ஏன் போச்சு?" என்று கேட்டாள்.

வீட்டில் துணிக்குச் சாயம் போடத் தொடங்கிய நாளிலிருந்து இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் மூன்று நம்பிக்கைகளோடுதான் வருகிறார்கள். கையில் ஒட்டுகிற நிறமெல்லாம் துணியிலும் ஒட்டும். உப்பு போட்டால் சாயம் நிற்கும். வினிகர் ஊற்றினால் இன்னும் கெட்டியாக நிற்கும். இதில் முதலாவது தவறு. மற்ற இரண்டும் வேறு சாயத்துக்கும் வேறு துணிக்கும் சொன்னவை, இங்கே வந்து கலந்துவிட்டன. நல்ல பட்டும் ஒரு நாள் உழைப்பும் இப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால் அடியிலிருந்து எழுதுகிறேன். இதைப் புரிந்துகொள்ள வேதியியல் படித்திருக்க வேண்டாம், அடுப்படியில் நின்ற பழக்கம் போதும்.

குங்குமமும் மருதாணியும்

நெற்றியில் வைக்கிற குங்குமம் சிவப்பு. கையில் வைக்கிற மருதாணியும் சிவப்புதான். குங்குமம் மதிய வெயிலில் நாலு தெரு நடந்தால் வியர்வையில் வழிந்துவிடும். மருதாணி அப்படியில்லை. எத்தனை பாத்திரம் தேய்த்தாலும் விரலில் ஒரு வாரம் இருக்கும். நகத்தில் ஏறியதோ, நகம் வளர்ந்து வெட்டி எறிகிற வரை போகாது.

குங்குமம் தோலின் மேல் உட்கார்ந்திருக்கும் தூள். அதற்கும் தோலுக்கும் நடுவில் எந்த உறவும் இல்லை. மருதாணி இலையில் லாசோன் என்ற பொருள் இருக்கிறது. அது தோலிலும் நகத்திலும் உள்ள புரதத்தோடு வேதிப் பிணைப்பு கொண்டு, அதன் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. அதனால்தான் தேய்த்தாலும் வருவதில்லை.

துணியிலும் இதே கதைதான். நிறம் நூலின் மேல் வெறுமனே படிந்திருந்தால் அது கறை. நூலுக்குள் புகுந்து, நூலோடு பிணைந்துவிட்டால்தான் அது சாயம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் நாள் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. முதல் துவைப்பில்தான் தெரியும்.

பட்டு தலைமுடிக்குச் சொந்தம்

பட்டுப்புழு தன்னைச் சுற்றிக் கட்டுகிற கூட்டை நீளமாக உருவி எடுப்பதுதான் பட்டு நூல். புழு உமிழ்வதில் இரண்டு விதமான புரதங்கள் இருக்கின்றன. நடுவில் ஃபைப்ராயின் என்கிற இழை, அதைச் சுற்றி செரிசின் என்கிற பசை. நெசவுக்கு முன்போ பின்போ சோப்புத் தண்ணீரில் வேகவைத்து இந்தப் பசையை எடுப்பார்கள். அப்படி எடுக்கும்போது பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். நமக்குத் தெரிந்த வழவழப்பும் பளபளப்பும் அதற்கப்புறம் வருவதுதான்.

நமக்கு இங்கே முக்கியமான விஷயம், பட்டு ஒரு புரதம் என்பது. தலைமுடியும் புரதம், கம்பளியும் புரதம். பருத்தி அப்படி இல்லை. அது செல்லுலோஸ், அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. புரதத்தில் சாயம் வந்து பிடித்துக்கொள்ள நிறைய இடங்கள் இருக்கின்றன. பருத்தியில் அந்த மாதிரி இடங்கள் குறைவு. அதனால் வீட்டில் முதன்முதலாகச் சாயம் போடுகிறவர்களுக்குப் பட்டு நல்ல துணி. விலை அதிகமே என்று தயங்கத் தோன்றும். ஆனால் சாயம் பிடிப்பதில் பருத்தியைவிட இதுதான் சுலபம்.

கடையில் பட்டு என்று சொல்லி விற்கிற ஸ்கார்ஃபுகளில் பாலியெஸ்டரும் நிறைய உண்டு. சமையலறைச் சாயம் பாலியெஸ்டரில் சரியாக ஏறாது. ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், மிஞ்சுகிற கரியை விரலால் நசுக்கினால் தூளாகிவிடும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இதைப் பார்க்காமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

இதுவரை பார்த்ததில் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. பிணைப்பு இருந்தால் சாயம், இல்லாவிட்டால் கறை. பட்டு புரதம் என்பதால் பிணைப்புக்கு இடம் கொடுக்கும்.

மஞ்சள் சொல்லிக்கொடுக்கிற பாடம்

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தினால் என்ன ஆகும் என்று எல்லா வீட்டிலும் தெரியும். சோப்புப் போட்டதும் அந்த மஞ்சள் கறை திடீரென்று சிவக்கும். அலசினால் மறுபடி மஞ்சளாகும். எவ்வளவு கசக்கினாலும் முழுசாகப் போகாது. சரி, போகட்டும் என்று வெயிலில் காயப்போட்டு மாலையில் பார்த்தால் கறை மங்கியிருக்கும். இரண்டு நாள் வெயில் பட்டால் தேட வேண்டியிருக்கும்.

இந்த ஒரு கறையில் மூன்று பாடம் இருக்கிறது.

முதல் பாடம்: மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், வேறு எதன் உதவியும் இல்லாமல் தானே துணியில் ஏறிவிடும். பருத்தியிலேயே அப்படி என்றால் பட்டில் கேட்கவே வேண்டாம். வெதுவெதுப்பான மஞ்சள் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டால் பளீரென்று பிடிக்கும்.

இரண்டாவது, சில நிறங்கள் காரம் பட்டால் மாறும். காரம் என்றால் இங்கே மிளகாய்க் காரம் இல்லை, சுண்ணாம்பு, சோடா உப்பு, துணி சோப்பு மாதிரிப் பொருள்களின் குணம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பைக் கலந்ததும் சிவப்பது இதனால்தான். சோப்பு பட்டதும் சட்டைக் கறை சிவப்பதும் அதே காரியம். சங்குப்பூவும் சிவப்பு முட்டைக்கோஸும் எலுமிச்சை பிழிந்தால் ஒரு நிறம், சோடா உப்பு போட்டால் இன்னொரு நிறம் என்று மாறுவதும் இந்த வகைதான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கழுத்து வியர்வை பட்டாலே மாறுகிற நிறத்தை ஸ்கார்ஃபுக்கு நான் போடமாட்டேன்.

மூன்றாவது பாடம்தான் பலருக்கும் புதிதாக இருக்கும். சாயம் போவது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று தண்ணீரில் போவது. நூலோடு பிணைப்புச் சரியாக இல்லாததால் நிறம் கழன்று தண்ணீருக்குள் வந்துவிடுகிறது. மற்றது வெயிலில் போவது. பிணைப்பு நன்றாகவே இருந்தாலும், நிறப்பொருளின் மூலக்கூறையே வெளிச்சம் உடைத்துவிடுகிறது. உடைந்தது நூலிலேயே இருக்கும், ஆனால் அதற்கு நிறம் இருக்காது. தண்ணீரில் போவதைச் சாயம் கரைவது என்றும், வெயிலில் போவதை வெளுப்பது என்றும் பிரித்துச் சொல்வது நல்லது. மஞ்சள் தண்ணீரைத் தாங்கும், வெயிலில் தோற்றுவிடும்.

பீட்ரூட் இரண்டிலும் தோற்கிறது. அதன் சிவப்பு பீட்டாலைன் என்ற வகையைச் சேர்ந்தது, தண்ணீரில் சர்க்கரை மாதிரிக் கரையும். பீட்ரூட் நறுக்கிய கை இரண்டு முறை கழுவினால் பழையபடி ஆகிவிடுகிறதே, அதுவே அடையாளம். மஞ்சள் அரைத்த கை அப்படி ஆவதில்லை. சூடும் பீட்டாலைனுக்கு ஆகாது. பீட்ரூட்டை அளவுக்கு மேல் வேகவிட்டால் பொரியலின் சிவப்பு மங்கிப் பழுப்பு ஏறுகிறது, அப்போதே மூலக்கூறு உடையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். என் மருமகள் அதைக் கொதிக்கவைத்ததில் பாதி போனது, அலசியதில் கால், வெயிலில் மீதி.

படிகாரம் என்கிற ஹேர்பின்

மல்லிகைப் பூவை உதிரியாக எடுத்துச் சடையில் செருகினால் எவ்வளவு நேரம் இருக்கும்? வாசல் தாண்டுவதற்குள் உதிர்ந்துவிடும். சரமாகத் தொடுத்து, ஹேர்பின்னால் குத்திவிட்டால் ராத்திரி வரை அசையாது. ஹேர்பின்னின் வேலை மிகவும் எளியது. ஒரு பக்கம் முடியைப் பிடிக்கும், மறு பக்கம் சரத்தைப் பிடிக்கும்.

சாயத்தில் அந்த ஹேர்பின் வேலையைச் செய்யும் பொருளுக்கு நிறமூன்றி என்று பெயர். வீட்டுக்கு ஏற்ற நிறமூன்றி படிகாரம். சலூனில் சவரம் செய்தபின் முகத்தில் தேய்ப்பார்களே, கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கப் போடுவார்களே, அதே கல்தான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. தண்ணீரில் கரைந்ததும் அந்த அலுமினியம் பட்டின் புரதத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் சாயத் தண்ணீரில் போட்டால் இன்னொரு கையால் நிறப்பொருளைப் பிடிக்கிறது. பட்டு, அலுமினியம், நிறம் மூன்றும் சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரே கட்டாக ஆகிவிடுகின்றன.

இது வெறும் உவமை இல்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கலம்காரித் துணியைப் பாருங்கள். ஆந்திராவில் ஸ்ரீகாளஹஸ்தி, நம் பக்கம் அரியலூர் மாவட்டத்துக் கருப்பூர், தஞ்சாவூர் மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டை ஆகிய ஊர்களில் இன்றும் இந்தத் துணி வரைகிறார்கள். பழைய முறையில் சிவப்பு வர வேண்டிய இடத்தில் சிவப்பைத் தீட்டுவதில்லை. படிகாரக் கரைசலைத்தான் கலம் என்கிற மூங்கில் எழுதுகோலால் வரைவார்கள். அது காய்ந்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. அப்புறம் முழுத் துணியையும், சிவப்பு தருகிற சாயவேர் என்ற செடிவேர் போட்ட தண்ணீரில் வேகவைப்பார்கள். வெளியே எடுத்து அலசி வெயிலில் காட்டினால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து நிற்கும், மற்ற இடத்தில் ஏறிய நிறம் போய்விடும். ஒரே துணி, ஒரே பானை, ஒரே சாயம். எது நிற்கும் எது போகும் என்பதைப் படிகாரம்தான் முடிவு செய்கிறது. எனக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எங்கும் கிடைத்ததில்லை.

அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்கும் இது வியப்பாகத்தான் இருந்தது. சோழமண்டலக் கரையில் இருந்த கூர்தூ என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார், துணிக்கு நிறம் ஏற்றும் இந்த வேலையைப் படிப்படியாகக் கேட்டறிந்து 1742ஆம் ஆண்டு ஒரு நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். துவைக்கத் துவைக்கப் போகாத அந்த நிறத்தின் ரகசியம் அவர்களுக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

கலம்காரி பருத்தித் துணி. அதில் படிகாரத்துக்கு முன்னால் கடுக்காயும் பாலும் கலந்து துணியை நனைக்கிற வேலை ஒன்று இருக்கிறது. பருத்தியில் புரதம் இல்லாததால் படிகாரம் பிடிக்க முதலில் ஒரு பிடிமானம் வேண்டும், அதைக் கடுக்காயின் துவர்ப்பு கொடுக்கிறது. பாலின் கொழுப்பு, வரைகிற கரைசல் பரவாமல் பார்த்துக்கொள்கிறது. பட்டுக்கு இந்தப் படி தேவையில்லை. பட்டுக்குச் சொன்ன செய்முறையைப் பருத்தி துப்பட்டாவில் செய்து பார்த்துவிட்டு நிறம் வெளிறிவிட்டதே என்று வருந்துகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

சுருக்கமாக: மஞ்சள் மாதிரி சில நிறங்கள் தானே ஏறும். மற்ற பெரும்பாலான செடிகொடி நிறங்களுக்குப் படிகாரம் நடுவில் நின்று பிடித்துக்கொடுக்க வேண்டும். பீட்ரூட்டைப் படிகாரமும் காப்பாற்றாது. நிறப்பொருளே உடைந்துபோகிறபோது எதைப் பிடித்து என்ன பயன்?

அப்படியானால் உப்பும் வினிகரும்?

புதுச் சேலையை முதல் தடவை நனைக்கும்போது கல் உப்புத் தண்ணீரில் ஊறவை என்று எங்கள் அம்மா சொல்வார். பாட்டியும் சொன்னார். அதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். பருத்தித் துணிக்குச் சாயப்பட்டறையில் சாயம் ஏற்றும்போது உப்பை நிறையவே பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் பருத்திக்கும் சாயத்துக்கும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை நூலுக்கு அருகில் கொண்டுபோகிறது. ஆக, உப்பு சாயத்தை நூலருகே கொண்டுவந்து விடுகிற வேலைக்காரன் மட்டும்தான். பிணைப்பை உண்டாக்குவதில்லை. புதுச் சேலையை உப்புத் தண்ணீரில் போட்டால் அந்த ஒரு நனைப்பில் சாயம் கரைவது கொஞ்சம் குறையலாம். அடுத்த துவைப்புக்கு அது எந்த உத்தரவாதமும் தராது. பட்டில் வெங்காயச் சருகுக்கும் மாதுளைத் தோலுக்கும் உப்பால் ஒரு நன்மையும் இல்லை.

வினிகர் கதை இதைவிடச் சுவையானது, ஏனென்றால் பட்டில் அது உண்மையிலேயே வேலை செய்கிற இடம் ஒன்று இருக்கிறது. அது கேசரிப் பவுடர். கேசரிப் பவுடரில் இருப்பது செயற்கை நிறம். உணவுக்கென்று இந்தியாவில் அனுமதித்திருக்கிற செயற்கை நிறங்கள் எட்டு, அவற்றில் டார்ட்ராசின் என்ற மஞ்சளும் ஒன்று. ஜவுளித் தொழிலில் இதே டார்ட்ராசினுக்கு வேறு பெயர் உண்டு: அமில மஞ்சள் 23. கம்பளிக்கும் பட்டுக்கும் போடுகிற அமிலச் சாயம் என்ற வகையைச் சேர்ந்தது அது.

அமிலச் சாயம் என்றால் அமிலத்தின் துணையோடு புரத நூலில் ஏறுகிற சாயம். தலை சீவிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதைச் சின்ன வயதில் எல்லோரும் பார்த்திருப்போம். கிட்டத்தட்ட அதே கவர்ச்சிதான் இங்கும். வினிகரின் புளிப்புப் பட்டதும் பட்டின் புரதத்தில் நேர்மின்னேற்றம் கூடுகிறது. தண்ணீரில் கரைந்த கேசரிப் பவுடரின் நிறத்துக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் இழுத்துக்கொள்கின்றன. கொஞ்சம் சூடும் சேர்ந்தால் பாத்திரத்திலுள்ள தண்ணீர் வெளுத்து, நிறம் முழுக்கப் பட்டுக்குப் போய்விடும். முதல் தடவை இதைப் பார்த்தபோது அடுப்பை விட்டு நகர மனம் வரவில்லை. ஆரஞ்சு நிறத் தண்ணீர் கண்முன்னே தெளிந்துகொண்டே வந்தது.

உணவு நிறத்துக்குச் சொன்ன வினிகரை யாரோ பீட்ரூட்டுக்கும் மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள், அப்புறம் அது எல்லாச் செடிகொடிகளுக்கும் பரவிவிட்டது. குழப்பம் இங்கிருந்து தொடங்கியதுதான் என்பது என் எண்ணம். செடிகொடி நிறங்களில் பெரும்பாலானவை அந்த வழியில் பட்டைப் பிடிப்பதில்லை. அவற்றுக்கு ஹேர்பின் வேண்டும்.

சமையலறையில் எது நிற்கும்

வெங்காயச் சருகுதான் என் முதல் பரிந்துரை, இரண்டாவதும் அதுதான். குப்பைக்குப் போகிற பொருள், காசு செலவில்லை. பெரிய வெங்காயத்தின் மேல் காய்ந்து சலசலக்கிற தோலில் குவர்செட்டின் என்கிற மஞ்சள் நிறப்பொருள் செறிவாக இருக்கிறது. படிகாரத்தின் அலுமினியத்தோடு அது நன்றாகப் பிணையும். படிகாரம் ஏற்றிய பட்டில் வெங்காயச் சருகு கொடுக்கிற நிறம் பொன். தேன், பழுத்த எலுமிச்சை, புதுப் பித்தளை எல்லாம் கலந்த ஒரு பொன். சருகு அதிகமாகப் போட்டால் ஆரஞ்சுப் பக்கம் போகும். மெல்லிய பட்டு அதை வாங்கிக்கொண்டு உள்ளிருந்து ஒளிர்வதுபோல இருக்கும்.

மாதுளைத் தோலும் டீத்தூளும் இன்னொரு வகை. இரண்டிலும் டானின் இருக்கிறது. வாயில் போட்டால் நாக்கைச் சுருக்கென்று இழுக்கிற துவர்ப்புப் பொருளுக்குத்தான் அந்தப் பெயர். நாக்கு இழுப்பதே அது உமிழ்நீரின் புரதத்தோடு சேர்ந்துகொள்வதால்தான். புரதத்தைக் கண்டால் பிடித்துக்கொள்கிற பொருள் பட்டைக் கண்டால் விடுமா? அதனால் படிகாரம் இல்லாமலே இவை பட்டில் ஓரளவு நிற்கும், படிகாரம் இருந்தால் இன்னும் நன்றாக நிற்கும். மாதுளைத் தோல் மங்கலான மஞ்சள் தரும், டீ தவிட்டு நிறம் தரும்.

டானினுக்கு இரும்போடு ஒரு தனிப் பிரியம். இரும்பு அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கினால் விரலும் அரிவாளும் கறுத்துப்போகிறதே, அது டானினும் இரும்பும் சேர்ந்த கறுப்பு. அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்புச் சத்தையும் சேர்த்து மை செய்ததும் இந்தக் கறுப்பை நம்பித்தான். மாதுளைத் தோல் சாயம் ஏற்றிய பட்டுத் துணியை, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற அன்னபேதி என்ற இரும்பு உப்பில் ஒரே ஒரு சிட்டிகை கரைத்த தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டால் மழைமேகச் சாம்பல் நிறம் வரும். வெங்காயச் சருகுச் சாயம் ஏற்றிய பட்டு பாசிப்பச்சை ஆகும். ஆனால் சிட்டிகைக்கு மேல் போகாதீர்கள். இரும்பு அதிகமானால் பட்டு நாளடைவில் நைந்து இழை விடும். அன்னபேதி குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்திலும் இருக்க வேண்டும்.

ஒரு ஸ்கார்ஃபை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்

மருமகளின் அந்த வெளிறிய ஸ்கார்ஃபையே எடுத்துக்கொண்டோம். மெல்லிய பட்டு, 180க்கு 45 சென்டிமீட்டர், சமையலறைத் தராசில் 30 கிராம் காட்டியது. சாயக் கணக்கு எல்லாமே காய்ந்த துணியின் எடையை வைத்துத்தான். அதனால் முதல் வேலை எடை பார்ப்பது.

முதலில் கொஞ்சம் ஷாம்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் துவைத்தோம். கடைத் துணியில் கஞ்சியோ எண்ணெயோ இருந்தால் அந்த இடத்தில் நிறம் ஏறாமல் திட்டுத் திட்டாக நிற்கும். துணிச் சோப்பு வேண்டாம், காரம் பட்டுக்குப் பகை. தலைமுடிக்குப் பொருந்துவது பட்டுக்கும் பொருந்தும்.

அடுத்தது படிகாரம். துணி எடையில் நூற்றுக்குப் பதினைந்து, அதாவது 30 கிராமுக்கு 4.5 கிராம். பொடித்த படிகாரம் தலை தட்டி ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் கொதிநீரில் கரைத்து, ஸ்கார்ஃப் தாராளமாக மிதக்கிற அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, நனைத்த ஸ்கார்ஃபை அதில் போட்டு ஒரு ராத்திரி விட்டோம். அவ்வப்போது திருப்பிவிட வேண்டும். மடிப்பு விழுந்த இடத்தில் படிகாரம் குறைவாக ஏறினால், நாளைக்கு நிறமும் அங்கே குறைவாகத்தான் ஏறும்.

வெங்காயச் சருகு 30 கிராம் வேண்டும், துணிக்குச் சம எடை. காகிதம் மாதிரி இருப்பதால் 30 கிராம் என்பது ஒரு பெரிய சட்டி நிறைய வரும். இரண்டு மூன்று வாரம் சேர்த்துவைத்தால்தான் உண்டு. எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, முக்கால் மணி நேரம் வேகவைத்து வடிகட்டினோம். இரும்புச் சட்டியோ அலுமினியப் பாத்திரமோ எடுத்தால் நிறம் தடம் மாறும். சாயத்துக்கு வைத்த பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள், வெங்காயமும் மஞ்சளும் உணவுதான் என்றாலும் படிகாரமும் அன்னபேதியும் உணவில்லை.

வடித்த தண்ணீர் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும், படிகாரத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பிழிந்து ஒருமுறை அலசிய ஸ்கார்ஃபை அதில் இறக்கினோம். பிறகு சிறு தீயில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுவார்கள். சூட்டில் பட்டு நூல் கொஞ்சம் உப்பிக்கொடுக்கும், நிறம் உள்ளே நுழையும், அதற்குத்தான் சூடு. ஆனால் தளதளவென்று கொதித்தால் பட்டின் பளபளப்பே போய், தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் போதும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாத்திரத்தின் அடியில் கடுகளவு குமிழ்கள் தோன்றும், மேலே ஆவி பறக்கும், தண்ணீர் புரளாது. அந்த நிலையில் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம், மரக் கரண்டியால் அடிக்கடி புரட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுப்பை அணைத்து அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டோம். எடுத்து அலசியபோது முதல் தண்ணீரில் மஞ்சள் வந்தது. மருமகள் முகம் வாடிவிட்டது. முதல் இரண்டு அலசலில் வருவது பிணைப்புக் கிடைக்காமல் மேலே தங்கிய மிச்சம், அது போகத்தான் வேண்டும் என்று சொன்னேன். மூன்றாவது தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாக வந்தது. ஸ்கார்ஃப் பொன்னாகவே இருந்தது.

போர் தண்ணீர் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அதில் சுண்ணாம்புச் சத்தும் சில ஊர்களில் இரும்பும் இருக்கும். பக்கெட்டின் அடியில் செம்மண் நிறக் கறை படிகிற தண்ணீர் என்றால் உங்கள் மஞ்சள் மங்கி அழுக்குப் பச்சையாகலாம். மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு ஸ்கார்ஃபுக்கு நாலைந்து லிட்டர்தான் ஆகும்.

புள்ளி வேண்டும் என்றால் மதுரைச் சுங்குடிக்காரர்கள் செய்வதுபோல, சாயத்தில் போடுவதற்கு முன் துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிவிடலாம். கட்டின இடத்தில் சாயம் புகாது, பிரித்தால் வெள்ளைப் புள்ளி.

ஜன்னல் சோதனை

எந்த நிறத்தை நம்பலாம் என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஸ்கார்ஃபோடு சேர்த்து ஒரு சின்னப் பட்டுத் துண்டையும் அதே பாத்திரத்தில் போடுங்கள். காய்ந்ததும் அந்தத் துண்டின் பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் விழுகிற ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி இரண்டு வாரம் விடுங்கள். அட்டையை எடுத்தால் மூடின பாதிக்கும் திறந்த பாதிக்கும் உள்ள வித்தியாசம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். மஞ்சள் துண்டில் நடுவில் கோடு போட்டதுபோல வித்தியாசம் தெரியும். வெங்காயச் சருகில் கொஞ்சம். மாதுளைத் தோலில் அதைவிடக் குறைவு.

மஞ்சளை அதற்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அந்தப் பளீர் மஞ்சளை வேறு எதுவும் தராது. நிழலில் காயப்போட்டு, அலமாரிக்குள் மடித்துவைத்து, மங்கினால் மறுபடி ஒரு கால் மணி நேரம் மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். துவைப்பதற்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீரோ ஷாம்புவோ போதும்.

மருமகளின் ஸ்கார்ஃபோடு போட்ட துண்டு இப்போது எங்கள் சமையலறை ஜன்னலில் ஒட்டியிருக்கிறது. ஒன்பது நாள் ஆகிறது. தினமும் சாயங்காலம் போன் செய்து, "அத்தை, அட்டையைத் தூக்கிப் பார்த்தீங்களா?" என்று கேட்கிறாள். இரண்டு வாரம் முடியட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.